வள்ளக்கட்டு போட்ட குசினி

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 18ஆம் திகதி, சனிக்கிழமை. பாடசாலை இல்லாத நாள். எழுந்ததும் முற்றத்தைக் கூட்டிக் குப்பையை மூலையில் சேர்த்தேன். பாடசாலைக்குக் கட்டும் சேலைகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, கொடியில் கரையோடு கரை சேர்த்து விரித்தேன். சனிக்கிழமை சேலை, ஞாயிற்றுக்கிழமை கொப்பி திருத்துவது என்பது என் ஒழுங்கு. கலியாணத்துக்கு முன்னரும் அப்படித்தான், பின்னரும் அப்படித்தான். அதன் பிறகு அரிசி புடைத்தேன். அதுவரைக்கும் அன்றைய நாள் எல்லா நாளையும் போலவே இருந்தது.

பரந்தனில் எங்கள் வேலிக்கு அப்பால் வயல் தொடங்கிவிடும். வெட்டு முடிந்திருந்தது. பனி, வெட்டிய நெல் தாள்களுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே மாடுகளின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. கால்களே இல்லாதவைபோல அவை மெதுவாக மிதந்து போயின. என் கணவர் வேலியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடியக்குள்ள கடலும் இப்பிடித்தான் இருக்கும்," என்றார்.

"நானும் கடல் பாத்திருக்கிறன்."

"நீர் கரையில நிண்டு பாத்திருக்கிறீர்."

அன்று மத்தியானப் பஸ்சில் முல்லைத்தீவிலிருந்து அவருடைய அக்கா வருவதாக இருந்தது. என் மச்சாள். விருந்துக்கு வரவில்லை. ஒரு பதில் வாங்கிப்போக வந்தார். அந்தப் பதிலை நானும் என் கணவரும் ஒரு மாதமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்தோம்.

அவர் முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்தொழிலாளி. நான் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. 2003இல் ஆசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்குக்காக முல்லைத்தீவுக்குப் போய், அவருடைய அக்கா வீட்டில் ஒரு கிழமை தங்கியிருந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயது, அவருக்கு அதைவிட இரண்டு கூட. இருவருக்கும் கலியாணம் என்ற கதையை ஊர் எப்போதோ கைவிட்டிருந்தது. மத்தியானங்களில் நான் முருங்கை மரத்தின் கீழ் இருந்து நாட்குறிப்பு எழுதுவேன். அவர் எதிரே இருந்து கிழிந்த வலை பொத்துவார். மூன்றாம் நாள் கேட்டார்:

"டீச்சர், எல்லாத்தையும் எழுதிறியள். என்னைப் பற்றியும் எழுதுவியளோ?"

"நீங்கள் காலமையில இருந்து இருந்த இடத்தில இருக்கிறியள். எழுத என்ன இருக்கு?"

அவர் வலையை வைத்துவிட்டு எழும்பி, முருங்கை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திரும்பவும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"இப்ப எழுதுங்கோ," என்றார்.

எழுதினேன். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது. அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. மிச்சமெல்லாம் மச்சாள் பேசி முடித்தது.

கலியாணத்துக்குப் பிறகு அவர் கடலோரத்து வாடியில் வேலை நாட்களைக் கழித்துவிட்டுச் சனிக்கிழமை பின்னேரம் பரந்தனுக்கு வருவார். வாடி என்பது தொழில் செய்பவர்கள் வலையும் இயந்திரமும் வைத்துப் படுத்து எழும்பும் கிடுகுக் கொட்டில். பெண்கள் அங்கே இருப்பதில்லை. அயலில் உள்ளவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கோ அந்த நாட்கள் நித்திரையும் விழிப்பும் கலந்த ஒரு நேரம்போல இனிமையாகப் போயின. கிழமை நடுவில், கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பும்போது, அவர் இந்நேரம் என்ன செய்வார் என்று யோசிப்பேன். அப்படி யோசிப்பது எனக்கென்று யாரோ தந்துவிட்டுப்போன ஒரு சின்ன வேலைபோல இருந்தது. செய்ய விருப்பமான வேலை. சனிக்கிழமை அவர் வந்ததும் இருவரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். முற்றத்தில் பாய் போட்டு இருந்து, ஒருவர் கதையை மற்றவர் வாங்கி வாங்கி, நிலவு வேலியைத் தாண்டும்வரை கதைப்போம்.

2004 நத்தாருக்கு நான் கூப்பிட்டு அவர் என்னோடு இருக்க வந்தார். நத்தாருக்கு அடுத்த நாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அவர் அப்போது பரந்தனில், என் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். வாடியும் வள்ளமும் வலையும் போயின. அவரோடு தொழில் செய்த இருவர் போனார்கள். மச்சாளும் அவருடைய புருஷனும் உயிர் தப்பினார்கள், வீடு தப்பவில்லை. "டீச்சர் கூப்பிட்டபடியால்தான் தப்பினவன்," என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் நகைபோலக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் அது அங்கேதான் தொங்கியது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக நாங்கள் ஒருவரை ஒருவர் கண்ணிலிருந்து விடவில்லை. அவர் நெல் ஆலையில் மூட்டை தூக்கப் போனார். வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். நேராகப் பாடசாலை வாசலுக்கு வந்து, மணி அடிக்கும்வரை வேப்ப மரத்தடியில் சைக்கிளோடு நிற்பார். பிள்ளைகள் ஜன்னலால் பார்த்து, "டீச்சர், உங்கட ஆள் வந்திட்டார்," என்பார்கள். சைக்கிள் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்ததும் இன்று என்ன நடந்தது என்று கேட்பார். நடந்ததெல்லாம் ஜன்னலால் அவர் பார்த்ததுதான். நான் எழுத இருந்தால் பக்கத்தில் வந்து இருப்பார். ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆனால் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கும் ஒருவரைப் பற்றி எப்படி எழுதுவது?

அப்போதுதான் குசினி மாறத் தொடங்கியது. ஒரு நாள் உப்புப் போத்தல் வலைத் துண்டு ஒன்றுக்குள் இருந்து கூரையில் தொங்கியது. அடுத்த நாள் பானை மூடிகளின் பிடிகளில் பச்சை நைலோன் கயிறு. பிறகு அகப்பைகள், அரிக்கன் லாம்பு, எண்ணெய்ப் போத்தல். அலுமாரிக் கதவுகளை ஒரு கயிற்றால் சேர்த்து இறுக்கியிருந்தார். மேசையின் காலில் கதிரை கட்டப்பட்டிருந்தது. சாமானை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவிழ்க்க வேண்டும், வைத்தபின் திரும்பக் கட்ட வேண்டும். அவருக்கு அது ஒரு இழுப்பில் முடியும். எனக்கு நகம் உடையும்.

"ஏனப்பா இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டும் விழாது பாரும்," என்றார், பெருமையாக.

அசையாத வீட்டில் எதையும் அசையவிடாமல் கட்டி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சில நாட்களில் அதே கட்டுகளைப் பார்க்க மூச்சு முட்டியது. அவர் என்னருகே இருப்பது எனக்கு வேண்டும். அவர் இல்லாத ஒரு மணித்தியாலமும் எனக்கு வேண்டும். இரண்டும் ஒரே மனத்தில் எப்படி இருக்கின்றன என்று விளங்கவில்லை. விளங்கினாலும் எப்படிச் சொல்வது? எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று அந்த வருடத்தில் சொல்வதும், கடலுக்குப் போங்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். கடல் என்ன செய்யும் என்று பார்த்திருந்தோம்.

இதைப் பல வருடங்கள் கழித்து வவுனியாவில், வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் இருந்து எழுதுகிறேன். அவர் மற்ற அறையில் வானொலி கேட்கிறார். இடையில் உள்ள கதவு திறந்துதான் கிடக்கிறது. நான் எழுதும்போது அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

மச்சாள் கொண்டுவந்த செய்தி இதுதான். கடலில் எல்லாம் இழந்தவர்களுக்குப் புது வள்ளங்கள் வந்திருந்தன. அவர் பெயருக்கும் ஒன்று. அரை வருடமாக அது மச்சாளின் தகரக் கொட்டிலுக்கு முன்னால், மணலில் கவிழ்த்தபடி, ஒரு சொட்டுக் கடல்நீர் படாமல் கிடந்தது. இனித் தொழில் தொடங்கும் காலம். திங்கட்கிழமை கடற்தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் வருகிறேன் என்று பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வள்ளம் வேறு ஆளுக்குப் போகும். போனால் இனி ஒன்று வராது.

மச்சாள் பஸ்சால் இறங்கி, பையில் விளைமீனும் வாயில் கதையுமாக வந்தார். நான் குழம்பு வைத்தேன். மூவரும் சாப்பிட இருந்தோம்.

"என்னடா, வாறியோ இல்லையோ?" என்று மச்சாள் தொடங்கினார். "ஒருத்தன் நாளாந்தம் வந்து உன்ர வள்ளத்தைத் தடவிப்போட்டுப் போறான், பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி."

"டீச்சரைக் கேள்," என்றார் அவர், சோற்றைப் பார்த்தபடி.

"டீச்சருக்கோ வள்ளம் தந்தவை?"

"அவ நில் எண்டா நிக்கிறன். போ எண்டா போறன்."

மச்சாள் என்னைப் பார்த்தார். நல்ல புருஷன் என்று ஊரார் மெச்சும் பேச்சு அது. எனக்கோ ஒரு கடலையே கொண்டுவந்து என் உள்ளங்கையில் ஊற்றிவிட்டு, சிந்தாமல் பிடி என்று சொன்னதுபோல இருந்தது.

"நான் சொல்ல மாட்டன்," என்றேன்.

"ஏன்?"

"நில் எண்டு சொன்னா, பிறகு ஒவ்வொரு நாளும் நீங்கள் எனக்காகத்தான் நிக்கிறியள் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்க வேணும். போ எண்டு சொன்னா..." அதை முடிக்கவில்லை. "உங்களுக்கு என்ன விருப்பம் எண்டு ஒரு வருசமா நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லை."

"நீரும் சொல்லேல்லையே."

"சொல்லுறன். எனக்குப் பயம். உங்களைக் கடலுக்கு விடப் பயம். அது ஒண்டு. மற்றது, நீங்கள் பள்ளிக்கூட வாசல்ல வந்து நிக்கிறது எனக்கு விருப்பமில்லை."

மச்சாள் மெல்லுவதை நிறுத்தினார்.

"விருப்பமில்லையோ?" என்றார் அவர்.

"எனக்குத் தனிய நடந்து வர விருப்பம்."

அவர் மேலும் ஒரு பிடி சோறு பிசைந்தார். அதை வாயில் வைக்கவில்லை. எழும்பிப்போய்க் கையைக் கழுவினார், சேட்டைப் போட்டார், சைக்கிளை எடுத்தார். படலை சாத்தும் சத்தம் கேட்டது. எப்போதும் அவர் படலையைச் சத்தமில்லாமல்தான் சாத்துவார்.

"அப்பரும் உப்பிடித்தான். சோத்துக்கு முன்னாலதான் கோவம் வரும்," என்றார் மச்சாள். தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த மீனை எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டார். "நல்ல மீன். ஏன் வீணாப் போகவேணும்?"

எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது.

கோப்பை கழுவ மச்சாள் குசினிக்குள் போனார். போனவர் திரும்பவில்லை. என்னவென்று பார்க்கப் போனேன். நடுவில் நின்று, முகட்டிலிருந்து மேசைக் கால்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பானை மூடியின் கயிற்றை ஒற்றை விரலால் சுண்டினார். அது அவிழ்ந்து கையில் வந்தது. திரும்பவும் ஒரு சுழற்றுச் சுழற்றி இறுக்கினார்.

"மச்சாள், இதென்ன கட்டு எண்டு தெரியுமோ?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது. என்ர நகம் போகுது, அது தெரியும்."

"வள்ளத்தில சாமான் கட்டிற கட்டு. அலை அடிச்சா உருளாமல்." ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வள்ளம் அங்க குப்புறக் கிடக்கு. இந்த விசரன் இஞ்ச உங்கட குசினியை வள்ளமாக்கிப்போட்டான். இனி நங்கூரம் ஒண்டுதான் குறை!"

சிரித்து முடித்த பிறகு சொன்னார்: "அவரும் நாளாந்தம் போறார்தான். என்ர மனிசன். நான் பயப்பிடேல்லை எண்டு நினைக்கிறியளோ? அவர் போன உடனை நான் பக்கத்துக் கடையில போய்க் கதைச்சுக்கொண்டு இருந்திடுவன். வீட்டில இருந்தா விசர் பிடிச்சிடும்."

பிறகு மச்சாள் உள்ளே படுத்தார். நான் குசினிப் படியில் இருந்தேன். மாசி மாதத்து வெயில், வைக்கோல் தூசு, எங்கோ தூரத்தில் ஆலையின் சத்தம். கண்கள் தாமாகவே மூடின. நித்திரை என்றும் சொல்ல முடியாது. வீடு நிலத்திலிருந்து மெல்லக் கழன்று வயலுக்கு மேலே மிதந்து போவதுபோல இருந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எல்லாம் கீழே போயின. கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறியது. வீடு இப்படியும் அப்படியும் சரிந்தது. நான் பயந்துபோய்க் குசினியைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மூடியும் விழவில்லை. விழாது பாரும் என்று அவர் சொல்வது கேட்டது. அவரைத் தேடினேன். அவர் வீட்டில் இல்லை. இல்லாததில் எனக்குத் துக்கம் இருக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனாலாக இருக்கலாம். எங்கே என்பது கண் விழித்ததும் மறந்துபோயிற்று.

கொடியில் சேலைகள் காய்ந்து விறைத்திருந்தன. அவற்றை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். முகமும் சேட்டும் தூசி.

"எங்க போனனீங்கள்?"

"ஆனையிறவுக்கு."

"அவ்வளவு தூரமோ!"

"றோட்டில நிண்டு தண்ணியைப் பாத்தனான். அதுவும் ஒரு கடலோ, முழங்காலளவு." சைக்கிளைச் சாத்திவிட்டு, சேலையின் மறுகரையைப் பிடித்தார். இருவருமாக இழுத்து மடித்தோம். சேலை மடிக்கும்போது ஒருவர் தள்ளி நின்று இழுக்க வேண்டும், பிறகு கிட்ட வந்து கரையைக் கொடுக்க வேண்டும். கிட்ட வந்தபோது சொன்னார்:

"பள்ளிக்கூட வாசல்ல நிண்டது உமக்காக இல்லை. வேற எங்க நிக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

அடுத்த சேலையை எடுத்தோம்.

"எனக்குப் போக விருப்பம்," என்றார். விருப்பம் என்ற சொல்லை அந்த ஒரு வருடத்தில் அவர் வாயால் முதல்தரம் கேட்டேன். "பயமாவும் இருக்கு. நீர் சொல்லித்தான் போனனான் எண்டு இருந்தா, ஏதும் நடந்தா உம்மில பழி போடலாம் எண்டு நினைச்சனோ தெரியாது. அது சரியில்லை. நானாத்தான் போறன்."

"நான் அழுவன்."

"அழும். ஆனா வாசல்ல நிண்டு அழக்கூடாது. எனக்குக் கால் வராது."

மச்சாள் எழும்பி வந்து படியில் இருந்து தலைமுடியை முடிந்துகொண்டார். மச்சாளின் முன்னிலையிலேயே நாங்கள் மிச்சத்தைப் பேசினோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவது, ஞாயிறு காலையில் போவது. காற்று மாறினால் ஒரு கிழமை கூட நிற்பேன் என்றார் அவர்.

"நில்லுங்கோ. ஆனா சொல்லாமல் நிக்கேலாது. பஸ் கொண்டக்டரிட்ட ஒரு சொல் குடுத்து விடுங்கோ. சந்திக் கடையில நான் கேட்டுக்கொள்ளுவன்."

"சரி."

"வந்த உடனை என்ன நடந்தது எண்டு கேக்கக்கூடாது. நானாச் சொல்லுவன்."

"நான் சொல்லலாமோ?"

"நீங்கள் சொல்லலாம்."

"எழுதிறபோது?"

"பக்கத்தில இருக்கலாம். கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ."

"கதிரையை அவிழ்க்க வேணுமே," என்றார் அவர். அப்போதுதான் அன்றைக்கு முதல்தடவையாக மூவரும் ஒன்றாகச் சிரித்தோம்.

"கலியாணம் கட்டினதுகளோ, பள்ளிக்கூடத்துக்கு நேரசூசி போடுதுகளோ!" என்றார் மச்சாள். "எங்கட காலத்தில போறன் எண்டா போறதுதான், வந்தா வந்ததுதான்."

"அதுதான் அத்தானை நீ கரையில நிண்டு கத்திக் கத்திக் கூப்பிடுறாய்."

"போடா!"

இரவுச் சாப்பாட்டுக்கு மத்தியானக் குழம்பைச் சூடாக்கினேன். மீன் இல்லாமல் போயிருந்தது, குழம்பு மட்டும். யார் சாப்பிட்டது என்று அவர் கேட்கவில்லை. கூட்டம் திங்கள் என்றாலும் வள்ளத்தை நிமிர்த்தி ஒரு முறை தண்ணீர் காட்டிப் பார்க்க வேண்டும், அதனால் விடிய முதல் பஸ்சிலேயே அக்காவோடு போகிறேன் என்றார். அவ்வளவு சீக்கிரமாகவா என்று வாய்வரை வந்தது. அவருடைய இரண்டு சாறத்தையும் ஒரு துவாயையும் பையில் வைத்தேன். பிறகு அவற்றை வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவரே வைக்கட்டும் என்று நினைத்தேன். அவர் வந்து, எடுத்து, நான் மடித்ததைக் குலைத்து, தன் பாட்டுக்குச் சுருட்டி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிய, இருட்டு விலகும் முன்னரே இருவரும் புறப்பட்டார்கள். அவர் குனிந்து என் நெற்றியில் கை வைத்து, "வாறன்," என்றார். வாசலுக்கு நான் போகவில்லை. படலை சத்தமில்லாமல் சாத்தப்பட்டதால் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தியில் பஸ்சின் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது, பிறகு இயந்திரச் சத்தம் கிழக்கே தேய்ந்து போயிற்று. கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடிந்ததும், அந்தக் காலையின் முதல் வேலையாக, கட்டிலின் நடுவுக்கு நகர்ந்து, கையையும் காலையும் நன்றாக நீட்டிப் படுத்தேன்.